குறிப்பு 17: கிடங்கு வாடகை

ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். என் இடுப்பை மட்டும் அதில் சேர்க்காதே. உன் கண்ணெரிச்சல் குறைந்ததா? அச்சகத்தை மூடிவிட்டார்கள் என்றும், இருபத்து மூன்று வருட வேலைக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள் என்றும் உன் அண்ணி சொன்னாள். போனில் கூப்பிடத்தான் நினைத்தேன். மூன்றாவது நிமிஷம் நீ குரலை உயர்த்துவாய், நாலாவது நிமிஷம் நான் வைத்துவிடுவேன். அப்பா இறந்த வருஷம் நாம் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி பண விஷயம் எல்லாம் கடிதத்திலேயே இருக்கட்டும்.

எங்கள் பம்ப் கம்பெனி புதிதாகப் பங்கு வெளியிடுகிறது. ஊழியர் குடும்பத்துக்கு விலையில் சலுகை உண்டு. செப்டம்பர் முப்பது கடைசி நாள். கண்டிப்பாக விலை ஏறும். இரண்டு வருடத்தில் கண்டிப்பாக இரட்டிப்பாகும். என்னைப் போன்ற மேலாளர்களுக்கு ஆளுக்குப் பத்துப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். பத்தும் நிரம்பிய பிறகு ஒரே கட்டாக ஒப்படைக்க வேண்டும். ஒரு படிவத்தில் உன் பெயரை நானே எழுதிவிட்டேன். கையெழுத்தும் காசோலையும்தான் பாக்கி. வந்த பணம் முழுவதையும் கண்டிப்பாக இதில் போடு. வங்கியில் தூங்கவிடாதே.

ஆண்டறிக்கையும் அனுப்பியிருக்கிறேன். முன்பக்கத்துப் படங்களைப் பார்த்தாலே உனக்குப் புரிந்துவிடும்.

இடுப்பு வலிக்குக் காரணம் கேட்பாய். ரயில் பாதை ஓரமாக நாலாவது கிடங்கு ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கிறோம். இரண்டு மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குகிறேன்.

உன் அண்ணன்

---

ஜூன் 15

அண்ணாவுக்கு,

கண் பரவாயில்லை. பிழை திருத்தும் வேலை போனதால் அதற்கும் ஓய்வு கிடைத்திருக்கிறது. உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. படி ஏறுவதற்கு ஆள் இல்லையா அந்தக் கம்பெனியில்?

உன் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மூன்று இடத்தில் 'கண்டிப்பாக' என்று எழுதியிருந்தாய். மூன்றையும் அடித்து ஓரத்தில் நீக்கல் குறி போட்டிருக்கிறேன். வால் வைத்த சுழி மாதிரி இருக்கிறதே, அதுதான். அதைப் பார்த்தால் அச்சுக்கோப்பவர் மறுபேச்சில்லாமல் அந்தச் சொல்லை எடுத்துவிடுவார். இப்போது உன் கடிதத்தைப் படித்துப் பார், எவ்வளவு யோக்கியமாக இருக்கிறது என்று.

ஆண்டறிக்கையைப் படித்தேன். என் பழக்கம் உனக்குத் தெரியும், பூதக்கண்ணாடி என்று எனக்குப் பெயர் வைத்தவனே நீதான். எதையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிடிப்பேன். முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பின்னால் பொடி எழுத்தில் இருப்பதை முதலாளிகூடப் பார்க்கமாட்டார் என்று எங்கள் பழைய போர்மேன் சொல்லுவார். படங்கள் இருக்கும் முன்பக்கத்துக்கு வந்து சேர எனக்கு ஆறு நாள் ஆனது.

மூன்று விஷயம் கேட்கிறேன். போன வருடத்தைவிட அறுபது கோடி அதிகமாக விற்றதாகப் போட்டிருக்கிறது. ஆனால் வர வேண்டிய பாக்கி எழுபது கோடி கூடியிருக்கிறது. அதிகமாக விற்றதைவிட அதிகமாக வசூலாகாமல் நிற்கிறதே, இது எந்த ஊர் வியாபாரம்? இரண்டாவது, லாபம் முப்பது கோடி என்கிறார்கள். தொழிலில் கைக்கு வந்த ரொக்கத்தைப் பார்த்தால் அதைவிட இருபத்திரண்டு கோடி குறைவு. லாபம் வந்த வீட்டில் பணத்தைக் காணோம் என்றால் யாராவது தேட வேண்டாமா?

மூன்றாவது, அச்சுப்பிழை. பின்னாலிருந்து நாலாவது பக்கம், குறிப்பு 17, கிடங்கு வாடகை. ஒன்று புள்ளி இரண்டு கோடியாக இருந்தது ஒரே வருடத்தில் இரண்டு புள்ளி ஆறு ஆகியிருக்கிறது. சரக்கெல்லாம் விற்றுப்போனது என்று முன்பக்கத்தில் தலைவர் எழுதுகிறார். விற்றுப்போன சரக்குக்கு யார் இரட்டை வாடகை கொடுப்பார்கள்? ஒன்று புள்ளி ஆறாக இருக்க வேண்டும், எண்ணை மாற்றிக் கோத்துவிட்டார்கள். பாவம், அடுத்த பதிப்பில் சரி செய்யட்டும் என்று கம்பெனிக்கே ஒரு கடிதம் போட்டேன். எந்தப் பிரதி என்று தெரிய வேண்டும் அல்லவா, அட்டையில் இருந்த 'ஊழியர் பிரதி எண் 214' என்பதையும் குறிப்பிட்டேன்.

என் பணம் தூங்கட்டும். இருபத்து மூன்று வருடம் என்னோடு சேர்ந்து விழித்திருந்த பணம் அது. அண்ணிக்கு என் அன்பு.

பூதக்கண்ணாடி

---

ஜூன் 24

தங்கைக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

பிரதி எண் 214 யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கம்பெனியில் பதிவேடு இருக்கிறது. எனக்குத்தான். நிதிப் பிரிவுத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். அரை மணி நேரம் நிற்க வைத்தே பேசினார். உன் கடிதமும் நீ அதோடு அனுப்பிய அறிக்கைப் பக்கத்தின் நகலும் அவர் மேஜை மேல் இருந்தன. ஓரத்தில் சிவப்பு மையில் நீ போட்ட குறிகளோடு.

உனக்குக் கணக்குத் தெரியாது. பெரிய பெரிய தணிக்கையாளர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டது. எழுத்துப் பிழை பார்க்கிறவள் எழுத்துப் பிழை பார்க்க வேண்டும். இனி கம்பெனிக்கு எதுவும் எழுதாதே. படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, அது போதும்.

அண்ணன்

---

ஜூலை 3

அண்ணா,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. நிற்க வைத்தா பேசினார்கள்? பிரதி எண்ணைப் போட்டது என் தப்பு, மன்னித்துவிடு. வேலைப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. மற்றதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

கம்பெனியிலிருந்து எனக்கும் பதில் வந்தது. இரண்டே வரி. "குறிப்பு 17-இல் உள்ள தொகை சரியானது. தங்கள் அக்கறைக்கு நன்றி." அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அச்சகத்திலேயே கிடந்தால் உலகத்தில் நடக்கும் எல்லாத் தப்பும் அச்சுக்கோப்பவன் தப்பாகவே தெரிகிறது. அது பிழையாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். சரியான எண் என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

ஐந்து வருடத்து அறிக்கைகளை நூலகத்தில் உட்கார்ந்து எடுத்து எழுதினேன். மூன்று வருடமாக ஒரே கதை. விற்பனை ஏறுகிறது, பாக்கி அதைவிட வேகமாக ஏறுகிறது, வாடகை இரண்டையும் துரத்திக்கொண்டு வருகிறது.

நீயே எழுதினாய், ரயில் பாதை ஓரம் நாலாவது கிடங்கு என்று. அண்ணா, ஒன்றே ஒன்று சொல். அந்த இரண்டு மாடியிலும் என்ன இருக்கிறது?

பூதக்கண்ணாடி

---

ஜூலை 29

அண்ணா,

நானும் கண்ணும் சௌக்கியம். நாலு வாரமாகத் தபால்காரரைப் பார்த்துக் கழுத்துதான் வலிக்கிறது. இரண்டு வரியில் கம்பெனி எழுதிய பதிலாவது எழுதக் கூடாதா?

நீ சொல்லாததால் நானே விசாரித்தேன். எங்கள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பம்ப் விற்கும் கடை இருக்கிறது. உங்கள் கம்பெனி பெயர்ப்பலகைதான். கடைக்காரர் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். இந்தக் கம்பெனி பம்ப் நன்றாகப் போகிறதா என்று கேட்டேன்.

"போகும்மா, மாசம் ஏழெட்டு போகும்," என்றார்.

"எத்தனை வாங்குவீங்க?"

"நான் எங்க வாங்கறேன்? மூணு மாசத்துக்கு ஒருக்கா கடைசி வாரத்துல லாரி வந்து நிக்கும். நூறு பம்பை இறக்கிட்டுப் போயிடுவாங்க. வேண்டாம்னாலும் கேக்க மாட்டாங்க. காசு இப்ப தர வேணாம், சும்மா கையெழுத்துப் போடுங்கம்பாங்க. அடுத்த மாசம் அதே லாரி வந்து எண்பதை எடுத்துட்டுப் போகும்."

"ஏன் அப்படி?"

"அது அவங்க பாடு. எனக்கு இடத்தை அடைக்குது, அதான் கஷ்டம்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த லாரிக்குச் சீட்டு எழுதுகிற கிடங்கு மேலாளர் யார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். பத்துப் பங்கு வாங்கியிருக்கிறேன். நீ கேட்ட புதுப் பங்கு இல்லை, சந்தையில் கிடைக்கும் பழைய பங்கு. என் மொத்தப் பணத்தில் நூற்றில் ஒரு பாகம்கூடக் கிடையாது. பத்துப் பங்கு வைத்திருப்பவளும் கம்பெனிக்குச் சொந்தக்காரிதான், வருடாந்தரக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம் என்று அவர்கள் அறிக்கையிலேயே, அதுவும் பொடி எழுத்தில், போட்டிருக்கிறது. கூட்டம் செப்டம்பர் ஒன்பது. அழைப்பு வந்துவிட்டது.

பூதக்கண்ணாடி

---

ஆகஸ்ட் 8

அன்பு நாத்தனாருக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? எனக்கு மருந்துக் கடையில் நின்று நின்று கால் வீங்குகிறது, வேறொன்றும் இல்லை.

கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று உனக்கு எழுதச் சொல்லி உன் அண்ணன் ஒற்றைக் காலில் நிற்கிறார். சரி, எழுதிவிட்டேன்: வர வேண்டாம்.

இனி எழுதுவது என் வார்த்தை. வா.

அவர் உன்னிடம் சொல்லாததை நான் சொல்கிறேன். போன வருடமே வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து இந்தக் கம்பெனிப் பங்கை வாங்கினார். என்னிடம் கையெழுத்து வாங்கும்போது கூரை மராமத்துக் கடன் என்றார். கூரை இன்னும் ஒழுகுகிறது. எது கேட்டாலும் மென்று விழுங்குகிறார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட மனுஷன் இல்லை என்று உனக்கே தெரியும். உன் கடிதம் ஒவ்வொன்றையும் கிடங்குச் சாவிக்கொத்தோடு சேர்த்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். பதில் எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டதை எல்லாம் நான்தான் பெருக்கினேன்.

எனக்கு அன்றைக்குக் கடையில் விடுப்புக் கிடைக்காது. எனக்கும் சேர்த்து நீ கேள்.

உன் அண்ணி

---

ஆகஸ்ட் 19

தங்கைக்கு,

நீ சுகம்தானே. நான் இருக்கிறேன்.

ஒன்பது படிவம் நிரம்பிவிட்டது. எல்லோரும் என் கிடங்கு ஆட்கள். சுமை தூக்குகிற ஆறு பேர், லாரி ஓட்டுநர் இரண்டு பேர், வாட்ச்மேன். நான் சொன்னேன் என்பதற்காகப் போட்டார்கள், மறு கேள்வி கேட்கவில்லை. காசோலையோடு எல்லாம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. உன் ஒரு படிவத்துக்காகத்தான் கட்டு நிற்கிறது. தினமும் மேலேயிருந்து கேட்கிறார்கள். வாட்ச்மேன் நம்புகிறான், கூடப் பிறந்தவள் நம்பமாட்டாள் என்றால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கூட்டத்துக்கு வராதே. ஊழியர்கள் எல்லோரும் பின்வரிசையில் சீருடையோடு உட்கார வேண்டும், எங்கே கை தட்ட வேண்டும் என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் நீ எழுந்து நின்றால் இருபது வருட வேலை போய்விடும். அப்படி நீ வந்தால் உனக்கு அண்ணன் இல்லை என்று வைத்துக்கொள்.

---

ஆகஸ்ட் 28

அண்ணா,

கடைசியில் 'அண்ணன்' என்று கையெழுத்துப் போட மறந்துவிட்டாய். நான் நிரப்பிக்கொண்டேன். இருபத்து மூன்று வருடம் விட்டுப்போனதை நிரப்பிச் சம்பளம் வாங்கியவள் நான்.

வருகிறேன். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. உன் வீட்டுக்கு வந்து உன்னைச் சங்கடப்படுத்தமாட்டேன், ரயில் நிலையத்துக்கு எதிரே விடுதியில் தங்குகிறேன். கேள்வியும் உன்னைக் கேட்கப்போவதில்லை, மேடையைத்தான் கேட்கப்போகிறேன். உன் பெயரோ உன் உறவோ என் வாயிலிருந்து வராது.

நீ என்னைப் பிடிவாதக்காரி என்பாய். ஆமாம், பிடிவாதக்காரிதான். என் பணத்தை நான் எங்கே போட வேண்டும் என்று சொல்ல உங்கள் தலைவருக்கு உரிமை இல்லை, உனக்கும் இல்லை. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று அப்பா சொன்னது நம் இரண்டு பேருக்கும்தான். நீ எப்போது காதை மூடிக்கொண்டாய்?

என் பணத்தை விடு, அது பத்திரமாக இருக்கிறது. உன் டிராயரில் இருக்கும் ஒன்பது பேர் பணத்தை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் அறிக்கை படிக்கவில்லை, உன்னைப் படித்தார்கள். நாலாவது கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் அவர்கள்தானே. திரும்பி வந்த பம்பைத் தாங்களே சுமந்து மாடியேற்றிவிட்டு, அதே கம்பெனிக்குத் தங்கள் பணத்தையும் கொடுத்திருக்கிறார்கள், நீ சொன்னதற்காக.

பத்தாவது படிவம் உனக்குக் கிடைக்காது. அதனால் அந்தக் கட்டு டிராயரை விட்டு நகராது. இதை நான் வேண்டுமென்றேதான் செய்கிறேன்.

உன் தங்கை

---

செப்டம்பர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். உங்கள் கால் வீக்கத்துக்கு உயரமாகத் தலையணை வைத்துப் படுங்கள். வீட்டுக்கு வந்து அண்ணன் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கமாட்டான், அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

பெரிய மண்டபம். முன்னால் வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், பின்னால் நீலச் சட்டை போட்ட ஊழியர்கள். அண்ணன் கடைசிக்கு முந்தின வரிசையில் இருந்தான். என்னைப் பார்த்ததும் கூரையைப் பார்த்தான். தலைவர் நாற்பது நிமிடம் அளந்து விட்டார். சொன்ன இடத்தில் எல்லாம் கை தட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன். மைக் என்னிடம் வர ரொம்ப நேரமானது, நானும் கையை இறக்கவில்லை. அறுபது கோடி, எழுபது கோடி, குறிப்பு 17 எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நாலாவது கிடங்குல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்," என்றேன்.

தலைவர் சிரித்தார். "அம்மா எத்தனை பங்கு வெச்சிருக்கீங்க?"

"பத்து."

மண்டபமே சிரித்தது. "பத்துப் பங்குக்கு இவ்வளவு விசாரணையா?"

"பத்தாயிரம் வாங்கலாமான்னு பாக்கத்தான் சார் பத்து வாங்கினேன். வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். இருந்தாலும் பதில் சொல்லுங்க."

இப்போது சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு பின்வரிசையைக் காட்டி, "நம்ம கிடங்கு மேலாளரே இங்கதான் இருக்கார். அவரே சொல்லட்டும். ஆர்டருக்குக் காத்திருக்கிற சரக்குதானே?" என்றார். பதிலையும் அவரே வாயில் வைத்துக் கொடுத்துவிட்டார், ஆமாம் என்று சொன்னால் போதும்.

அண்ணன் எழுந்தான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மைக்கை வாங்கிக்கொண்டான். சொல்லமாட்டான் என்றுதான் நினைத்தேன். சொல்லாவிட்டாலும் அவன் என் அண்ணன்தான் என்று அந்த நிமிஷமே மனதில் முடிவு செய்துகொண்டேன்.

"திரும்பி வந்த பம்பு, சார்," என்றான். "ஏழாயிரத்து நானூறு. கால் வருஷக் கடைசியில அனுப்பினது. அடுத்த மாசமே திரும்பி வந்தது. போன சீட்டும் வந்த சீட்டும் என்கிட்ட இருக்கு."

யாரும் கை தட்டவில்லை. எங்கே தட்ட வேண்டும் என்று இதற்கு அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அண்ணன் மைக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு நேராகக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். நான் பின்னாலேயே ஓடினேன். தெருவில் அவனைக் காணவில்லை.

அவனைத் திட்டாதீர்கள். கூரையைப் பற்றி மட்டும் திட்டுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் நாத்தனார்

---

அக்டோபர் 2

பூதக்கண்ணாடிக்கு,

இடுப்பு வலி போய்விட்டது. மாடி ஏறும் வேலையை நிறுத்திவிட்டார்கள், சம்பளத்தையும் சேர்த்துத்தான். உன் அண்ணி திட்டி முடித்துவிட்டு நேற்றிலிருந்து பேசுகிறாள். கூரையில் ஏறி நானே ஓடு மாற்றினேன். உன் கண் எப்படி இருக்கிறது?

கூட்டத்திலிருந்து நான் எங்கே போனேன் என்று நீ தேடியிருப்பாய். கிடங்குக்குத்தான் போனேன். வேறு யாரும் டிராயரைத் திறப்பதற்குள் ஒன்பது படிவத்தையும் எடுத்துக்கொண்டேன். அன்று மாலையிலிருந்து மூன்று நாள் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். ஓட்டுநர் ஒருவன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினான், காசோலையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாட்ச்மேன் மட்டும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். "போடுன்னு சொன்னதும் நீங்க, எடுன்னு சொல்றதும் நீங்க. நடுவுல என்ன சார் ஆச்சு?" என்று கேட்டான். என் தங்கை படித்தாள் என்றேன். பத்தாவது படிவம் வராத கோபத்தில் உன்னை என்னவெல்லாம் நினைத்தேன் தெரியுமா? அது வந்திருந்தால் இந்த ஒன்பதும் என்றைக்கோ கையை விட்டுப் போயிருக்கும்.

என் பங்கு விலை பாதிக்குக் கீழே போய்விட்டது. பத்திரத்தை மீட்க எத்தனை வருடமாகும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று நேற்றுச் சொன்னேன்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் சம்பளமும் வேலையும் திரும்பக் கிடைக்கும் என்றார். நாலு பத்தி. நீ செய்வதுபோலக் கடைசிப் பத்தியிலிருந்து படித்தேன். அங்கேதான் இருந்தது: "பங்குதாரர் கூட்டத்தில் கிடங்குச் சரக்கு பற்றி நான் உண்மைக்கு மாறாகப் பேசினேன்."

அவரை உட்காரச் சொல்லிவிட்டு, உன் அண்ணியிடம் சிவப்புப் பேனா வாங்கினேன். 'உண்மைக்கு மாறாக' என்ற இரண்டு சொல்லையும் அடித்து, ஓரத்தில் அந்த வால் வைத்த சுழியைப் போட்டேன். மற்ற மூன்று பத்தியையும் குறுக்கே அடித்தேன். மிச்சம் இருந்த ஒரே வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். குறியைச் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்.

உன் அண்ணன்